யாருக்குத் தேவைப்படும்போது?

எனக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், ஆளுக்கொரு கதை ஓடுகிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவள் என்கிறார்கள் சிலர். காட்டு வழியில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள், மந்திரித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். எனக்குப் பைத்தியம் பிடித்து, ஊசி போட்டு அடக்கிக் கூட்டி வந்தார்கள் என்று எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் ஒரு புண்ணியவதி போனில் யாருக்கோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஒவ்வொருவரையாக நிறுத்தி வைத்துத் திருத்த எனக்கு நேரமில்லை. மிளகு பறிக்கும் காலம் வேறு. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டாவது வாயை மூடுங்கள்.

எங்களுக்கு மிளகும் காபியும் கொஞ்சம் மலை வாழையும் உண்டு. விளைய வைப்பது என் வீட்டுக்காரர் பொன்னுசாமியின் வேலை. விற்பது என் வேலை. அவரை விற்கவிட்டால் எந்த விலை சொன்னாலும் "செரீங்க" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அவ்வளவு நல்ல மனுஷர். அந்த நல்ல மனசை வைத்து ஒரு மூட்டை உரம் வாங்க முடியாது. அதனால் கல்யாணமான புதிதிலேயே சந்தையை நான் எடுத்துக்கொண்டேன். பேளுக்குறிச்சிச் சந்தையில் என் குரலைத் தெரியாத வியாபாரி கிடையாது. அங்கே மிளகு வாங்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் சண்டை நடக்காத வாரம் கிடையாது, அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் மிளகு கொடுத்ததும் கிடையாது.

முதல் தடவை அது வந்தது சந்தைக்குப் போகும் பஸ்ஸில்தான். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம். திடீரென்று நெஞ்சுக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருந்தது. கை மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதைக் கண்டு பயந்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வளைவிலேயே சாகப்போகிறேன் என்று மட்டும் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். பக்கத்து சீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிழிகிறேன் என்று கண்ணில் பிழிந்துவிட்டாள். சாகிறவளுக்குக் கண்ணெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கீழே ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ பார்த்தார்கள். இதயம் அடித்துக்கொள்வதைத் திரையில் படமாகக் காட்டும் சோதனை அது. ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டார்கள். நான் வாழைத்தார் சுமந்து மேடேறுகிறவள். அந்த மிஷினுக்குத்தான் களைப்பு வந்திருக்கும். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாததற்கா நான் செத்துப் பிழைத்தேன்? ஒன்றுமில்லாததற்கா இத்தனை பில்?

அதற்குப் பிறகு அந்த ஒன்றுமில்லாதது இன்னும் சில முறை வந்தது. எல்லாம் பஸ்ஸில், எல்லாம் வளைவில். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு முறையும் ஈசிஜி, ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. கடைசியாகப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. "என்ர பொண்டாட்டிக்கு நெஞ்சு வலிதானுங்க, புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று டாக்டரிடமே வாதாடினார். என் புத்தியைப் பற்றி அவர் வெளியே யாரிடமாவது நல்லதாகச் சொன்னது அன்றுதான்.

மனநலப் பிரிவின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் கூட்டமான கூட்டம். யாரைக் கேட்டாலும் தனக்கில்லை, கூட வந்தவருக்குத்தான் என்றார்கள். அந்தக் கூட வந்தவரைக் கேட்டால் அவரும் அதையே சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம், "உங்க ஊட்டுல யாருக்குங்க?" என்று கேட்டார். நானும் சளைக்காமல் என் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "பாவம், சாதுவா இருக்கறாரு" என்றார். உள்ளே கூப்பிடும் வரைக்கும் என் வீட்டுக்காரர் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை முழுதாகப் பேசவிட்டதே அவர் ஒருவர்தான். கேட்டு முடித்துவிட்டு, இது பீதி நோய் என்றார். "மூளையில ஒரு அபாய மணி இருக்கும்மா. ஆபத்து வந்தா அடிக்கும். உங்களுக்கு ஆபத்து இல்லாமலே அடிக்குது. அடிக்கிறது நிஜம். உங்க உடம்பு படுற பாடும் நிஜம். நீங்க நடிக்கல." இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டுப்பன்றிக்காக வேலியில் தகர டப்பா கட்டி வைக்கிறோமே, அது காற்றுக்கும் ஆடும், வீட்டில் இருப்பவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவோம். அதுதான் என்று புரிந்துகொண்டேன்.

இரண்டு மாத்திரை எழுதினார். வெள்ளை மாத்திரையைத் தினமும் காலையில் போட வேண்டும். பயம் வந்தாலும் வராவிட்டாலும் போட வேண்டும். அது அந்த மணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும், சில வாரம் ஆகும், முதலில் குமட்டும், விட்டுவிடாதீர்கள் என்றார். மஞ்சள் மாத்திரை தேவைப்படும்போது மட்டும். பீதி வந்து, மூச்சை மெதுவாக இழுத்து விட்டுப் பார்த்தும் அடங்கவில்லை என்றால் மட்டும் பாதி. தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்றும் சொன்னார். இவ்வளவும் எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. இரண்டு பேரும் தலையாட்டினோம்.

பிறகு மலைக்கு வந்தோம்.

எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் பஸ் மாத்திரை என்று ஒன்று இருக்கும். கீழே இறங்குவதற்கு முன்னால் வாந்தி வராமலிருக்கப் போடுவது. பிள்ளை பிறந்து பல் முளைப்பதற்குள் இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்துவிடும்: இறங்கினால் மாத்திரை, இறங்காவிட்டால் வேண்டாம். எங்கள் வீட்டில் அதை அடுப்படி மாடத்தில் ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருப்போம். என் வீட்டுக்காரர் நேராகப் போய் வெள்ளை மாத்திரையை அந்த டப்பாவில் போட்டார். அதிலேயே எங்கள் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

முதல் சில நாள் காலையில் வெள்ளையைப் போட்டேன். குமட்டியது. டாக்டர் சொன்ன மாதிரியேதான் குமட்டியது, ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? என் ஓரகத்தி தனம், என் கொழுந்தனார் மனைவி, பக்கத்து வீடு, அவள் வந்து கேட்டாள்: "அக்கா, உனக்குப் பஸ்ஸுலதான வருது? ஊட்டுல இருக்கறப்ப எதுக்கு மாத்தரயத் தின்னு கொமட்டிக்கிட்டுக் கெடக்கற?" கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சந்தை நாளில் பஸ் ஏறுவதற்கு முன்னால் மட்டும் வெள்ளை என்று ஆனது. என் வீட்டுக்காரர் மறக்காமல் டம்ளரோடு வந்து நிற்பார்.

மஞ்சள் மாத்திரை கதை வேறு. ஒரு நாள் படபடப்பாக இருக்கிறது என்று பாதி போட்டேன். அடடா, என்ன தூக்கம். பல மாதமாகக் காணாத தூக்கம். மறுநாளும் போட்டேன். பிறகு தினமும் படுக்கும் முன் அது இல்லாமல் முடியவில்லை. பாதி போதாமல் முழுதாயிற்று. ஆக, தினமும் போட வேண்டியதைத் தேவைக்குப் போட்டேன், தேவைக்குப் போட வேண்டியதைத் தினமும் போட்டேன். ஊரெல்லாம் தேடினாலும் இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாகச் செய்ய ஆள் கிடைக்காது.

இதில் கொடுமை என்னவென்றால் வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். நான் சத்தம் போடுவதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டேன். தனம் எல்லோரிடமும், "அக்கா இப்ப எம்புட்டு அமைதி தெரியுமா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். சந்தையில் சாக்கின் மேல் உட்கார்ந்து தூங்கி வழிந்தேன். என் வீட்டுக்காரர் பாயிடம் "செரீங்க" சொல்லிக்கொண்டிருந்தார். பாய் மட்டும் ஒரு தடவை குனிந்து என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, வெலய இவ்வளவு கொறச்சுச் சொல்றேன், ஒரு திட்டுக்கூட வரல. ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே ஆள் என்னோடு வாரா வாரம் சண்டை போடுகிறவர்.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்தது. பஸ் நின்றுபோனது. சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் கீழே ஒரு கடையில் பழைய சீட்டுக்கே வாங்கி வந்த மஞ்சள் மாத்திரை தீர்ந்தது. மலையிலேயே இருக்கும் செம்மேட்டு மருந்துக் கடையில் கேட்டதற்கு, இதற்குப் புதுச் சீட்டு வேண்டும், பழைய சீட்டுக்குத் தரக்கூடாது என்று கை விரித்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். எனக்கு அடுத்த நாளே கை நடுங்க ஆரம்பித்தது. மழைக் குளிரில் வேர்த்துக் கொட்டியது. தூக்கம் சுத்தமாகப் போயிற்று. ஓட்டின் மேல் விழும் தூறல்கூடக் காதுக்குள் அறைந்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. பஸ்ஸில் மட்டும் வந்த பீதி அடுப்படியில் வந்தது, மாட்டுக் கொட்டகையில் வந்தது, பாயில் படுத்தால் வந்தது. பாதையை ஒரு வண்டி போகிற அளவுக்கு ஒதுக்கிவிட்ட அன்று காலை நான் அடுப்படியில் விழுந்தேனாம், கைகால் இழுத்துக்கொண்டதாம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று தனத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சாவிக் கொத்தைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. அரிவாளை எடுத்து என் கையில் திணித்துவிட்டாள். வலிப்பு வந்தவள் கையில் அரிவாள்! நல்ல வேளையாக என் வீட்டுக்காரர் ஓடி வந்து பிடுங்கினார். அவர் கையில் வெட்டுக்காயம். ஆம்புலன்ஸில் எனக்கு ஒரு கட்டிலும் அவருக்கு ஒரு கட்டுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை. ரத்தத்தில் உப்பும் சர்க்கரையும் பார்த்தார்கள். கையில் ஊசியைச் செருகி, சொட்டுச் சொட்டாக என்னவோ ஏற்றினார்கள். அதே மனநல டாக்டர் வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வெள்ளை மாத்திரை எப்பப் போடுறாங்க?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி முகம். "பஸ் ஏறதுக்கு முன்னாடி கரெக்ட்டா குடுத்துருவனுங்க. ஒரு வாட்டி கூடத் தவறினதில்லீங்க."

"பஸ்ஸா? எந்த பஸ்?"

"கீழ எறங்கற பஸ்ஸுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மஞ்சள்?"

"அது தெனமும் படுக்கறப்பங்க. அதுவும் தவறினதில்லீங்க. மழையிலதான் தீந்துபோச்சு."

டாக்டர் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். மஞ்சள் மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டது. பழகியதைத் திடீரென்று நிறுத்தியதால் மூளை முறுக்கிக்கொண்டு வலிப்பு வந்தது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். வெள்ளையைத் திரும்ப முதலிலிருந்து தினமும் ஆரம்பிக்க வேண்டும். "தேவைப்படும்போதுன்னா வாரத்துல ஒரு நாள்கூடத் தேவைப்படாமப் போகலாம். அதுதான் நல்லது" என்றார். என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "தெரியாமப் பண்ணிட்டமுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததால் எனக்கு வந்த கோபத்தை அப்போதைக்கு விழுங்கிக்கொண்டேன்.

மனுஷர் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துத்தான் படுத்தார். காலையில் எனக்குத் தலை சீவி விடுவார். அது தலை சீவுவது இல்லை, காபிச் செடிக்குக் கிளை நறுக்கிக் கவாத்து செய்கிற வேலை. ஆனாலும் சீவினார். பஸ் திரும்ப ஓட ஆரம்பித்ததும் தனம் தினமும் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் தூக்குப்போசியில் போட்டு முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வருவார். மூடியைத் திறந்தால் வளைவுகளில் உருண்டு வந்த சோறும் குழம்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். கையில் அரிவாள் கொடுத்தவளை நான் மன்னித்தது அந்தச் சோற்றுக்காகத்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மஞ்சள் மாத்திரை கொஞ்ச நாளைக்கு உங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கட்டும், நீங்கள் கேட்டால் கொடுப்பார் என்றார். சரியான ஏற்பாடுதான். அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டு மேலே ஊக்குக் குத்திக்கொண்டார். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, தினமும் போடுவதை நிறுத்தினோம். வெள்ளை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. கை நடுக்கம் போயிற்று. பசி வந்தது. என் குரலும் திரும்பி வந்தது.

அங்கேதான் பிடித்தது அடுத்த சனி.

தனத்தின் ஆடு வேலி தாண்டி என் அவரைக்கொடியை மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டிப்போடு என்று. அன்றைக்கு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். தனம் ஆட்டைப் பிடிக்க ஓடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, அக்காவுக்கு மாத்தரயக் குடுங்க, சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு!" என் வீட்டுக்காரர் பதறி ஊக்கைக் கழற்றினார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆட்டுக்கு வேலி போடுவதைவிட எனக்கு மாத்திரை போடுவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இதே கதை. கூலிக்கு வந்தவர் பாதி மிளகைக் கீழே சிந்திவிட்டுப் போனதற்குக் கேட்டால், "மாத்தர போட்டயா?" கொழுந்தனார் வரப்பை வெட்டி நகர்த்தியதற்குக் கேட்டால், "டென்ஷன் ஆகாத கண்ணு, டாக்டரு என்ன சொன்னாங்க?" டாக்டர் வரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! நான் சொல்வது சரியா தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. சத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். இனிமேல் என் வாயிலிருந்து வரும் எந்த நியாயமும் நியாயமில்லை, எல்லாம் வியாதி. செத்துப்போவோம் என்ற பயத்தைவிட இந்தப் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது. பீதி வந்தால் சிறிது நேரத்தில் போய்விடும். இது போகாது. உயிரோடு இருக்கும்போதே என் பேச்சைக் குழிக்குள் போட்டு மூடுகிறார்கள்.

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்க டாக்டரம்மா, தேவைப்படும்போதுன்னு சொன்னீங்க. யாருக்குத் தேவைப்படும்போதுங்க? எனக்கா, இவங்களுக்கா?"

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அவங்களுக்குத் தேவைன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"சத்தம் போட்டா தெரியுமுங்களே."

"இதுக்கு முன்னாடி சத்தம் போடமாட்டாங்களா?"

அவர் யோசித்தார். "போடுவாங்க. இதவிடப் பெருசாப் போடுவாங்க."

"கோபத்துக்கு நான் மாத்திரை கொடுக்கலங்க. கோபம் வியாதி இல்ல. பீதி வந்தா அவங்களுக்கே தெரியும். அவங்க கேட்டா கொடுங்க." அவர் தலையாட்டினார். முதல் தடவை ஆட்டிய அதே தலை. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சந்தைக்கு நான் வரக்கூடாது என்று வீட்டில் தீர்மானம் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் போய், வாயைத் திறக்காமல் விற்றுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பருவத்து முதல் மிளகு காய்ந்ததும் நான் சேலையைக் கட்டிக்கொண்டு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "நான் வாரேன். இல்லாட்டி இந்த மூட்டையும் வராது" என்றேன். அவர் என்னையும் மூட்டையையும் பார்த்தார். இரண்டையும் பஸ்ஸில் ஏற்றினார்.

இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வாய் உலர்ந்தது, அவ்வளவுதான். சந்தையில் பாய் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். நலம் விசாரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகை எடுத்தார், ஒன்றைப் பல்லில் கடித்தார், "ஈரம் இருக்கேம்மா" என்றார், மிச்சப் பிடியைத் தன் கோணியில் போட்டார். சாம்பிளுக்கு எடுத்தது திரும்பி வராது, அது சந்தை வழக்கம். ஆனால் அவர் இன்னொரு பிடி எடுத்தார். அதையும் கோணியில் போட்டார்.

"பாய், ஒரு பல்லுக்கு எத்தன புடி வேணும் உங்களுக்கு? ஈரமாம் ஈரம்! எட்டு வெயில் காஞ்ச மொளகு, கடிச்சா பல்லுத்தான் ஒடையும். மொதல்ல அந்த ரெண்டாவது புடியத் திருப்பிப் போடுங்க!"

நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஊக்கைத் தடவியது. நான் பார்த்தேன். பாயும் பார்த்துவிட்டார்.

"என்னங்க பையில?"

"மாத்தரங்க. சத்தம் போட்டா குடுக்கறது."

"அந்தம்மாவுக்கா?" பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போன தடவ தூங்கிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களே, அப்பத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப நல்லாத்தானே இருக்காங்க." ஒரு பிடி மிளகை மட்டும் சாக்கில் திருப்பிப் போட்டார். நான் கேட்ட விலைக்கு வரவில்லை, ஆனால் அவர் சொன்ன விலையிலும் நிற்கவில்லை. எனக்கு அது போதும். என் வீட்டுக்காரர் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் முகத்தில் குழப்பம் தீரவில்லை.

திரும்பி ஏறும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம். மேலே போகப் போக எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் வந்து நின்றுகொண்டது. எங்கள் பஸ் பின்னால் வர வேண்டியிருந்தது. டிரைவர் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரியவில்லை. கீழே மரத்தலைகள்தான் தெரிந்தன. நெஞ்சு இடிக்க ஆரம்பித்தது. விரல் நுனி மரத்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டேன். திரும்ப இழுத்தேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இது மணி, வெறும் மணி, பன்றி இல்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பல தடவை இழுத்து விட்டும் அது இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று.

பக்கத்தில் என் வீட்டுக்காரர், பாய் கொடுத்தனுப்பிய பொரிகடலையை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"ஏனுங்க. மாத்தர குடுங்க. பாதி."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். யாரோடு சண்டை என்று தேடியிருக்கிறார்.

"ஏம்புள்ள, நீ சத்தமே போடலியே?"

"அதாங்க" என்றேன். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

பொரிகடலைப் பொட்டலம் அவர் மடியிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்திருக்கும். கழுத்தெல்லாம் வேர்வை. இத்தனை நாளாக இதை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அனுபவித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அந்த மனுஷர் புத்திக்குள் போயிற்று. முகம் அப்படியே மாறிவிட்டது. ஊக்கைக் கழற்றினார். வெட்டுத் தழும்பு இருக்கும் கையால் மாத்திரையை நகத்தால் பாதியாகக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

நான் விழுங்கியதும் மீதி அட்டையைப் பையில் திருப்பி வைக்கப் போனவர் நிறுத்தினார். அதை என் மடியில் வைத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும் கண்ணு. டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். "எனக்கு இது தெரியறதில்ல."

லாரி ஒருவழியாக உரசாமல் இறங்கிப் போயிற்று. பஸ் மூச்சிரைத்துக்கொண்டு ஏறியது. மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் இரண்டு வளைவு தாண்டியதும் மூச்சு கொஞ்சம் சீரானது, வாய்க்கும் வார்த்தை வந்தது. என்னை மூட்டையைவிடக் கேவலமாக நடத்தினீர்களே என்று ஆரம்பித்தேன். வரப்பு விவகாரம் வரைக்கும் வந்தேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து, சிந்தின பொரிகடலையைப் பொறுக்கிக்கொண்டே, எல்லாத் திட்டையும் கேட்டுக்கொண்டு வந்தார். நான் கண் அசந்தபோது, பின் சீட்டுக்காரர் யாரோ "என்னங்க ஆச்சு உங்கூட்டம்மாவுக்கு?" என்று கேட்டதும் அவர் பதில் சொன்னதும் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது.

"ஒன்னுமில்லீங்க. சித்த முன்னாடி ஒடம்பு சரியில்லாம இருந்தா. இப்பத் திட்டறா, நல்லாருக்கறா."